மறுமொழி: அன்ஹைட்ரோபயோசிஸ் – ‘உலர் உறக்கமா’, ‘வற்றுயிர் நிலையா’?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

> அன்ஹைட்ரோபயோசிஸுக்கு ‘உலர் உறக்கம்’ போதும். ‘நீரற்ற வாழ்வு’ என்றாலும் பிழையில்லை.

ஐயா, உடல்நீர் வற்றியும் சாகாமல் கிடக்கும் இந்த நிலைக்கு அந்த இரண்டு சொல்லுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

இராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி, மண்டபம் பக்கம் மணற்பாங்கான நிலத்தில் சீனிக்கிழங்கும் முள்ளங்கியும் போடுகிறவர்களுக்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்குத்தான் இந்தச் சொல் வேண்டும். கொடியைப் பிடுங்கினால் சல்லிவேர் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சு. கிழங்கோ நெடுக வெடித்திருக்கும். இது வேர்முடிச்சு நூற்புழு (நெமடோட்) என்ற நுண்புழுவின் வேலை. அதன் இளம்புழு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. மண்துகளைச் சுற்றியிருக்கும் நீர்ப்படலத்தில்தான் நகரும். கடலோர மணலில் துகள்களுக்கு நடுவே இடைவெளி பெரிது என்பதால் வேரைத் தேடிப் போவது சுலபம், களிமண்ணில் அப்படி முடியாது. தண்ணீர் தேங்கினால் காற்றோட்டமில்லாமல் முட்டை பொரிப்பதும் குறையும். இதையெல்லாம் எழுதிவிட்டேன். கோடையைப் பற்றி எழுதும்போதுதான் சொல் கிடைக்காமல் நிற்கிறேன்.

“சித்திரை வெயில்ல புழு எப்படிங்க உயிரோட இருக்கும்?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மேல்மண் மளமளவென்று காய்வதால் அங்கிருக்கும் புழு பெரும்பாலும் செத்துவிடும். கீழே போகப் போக ஈரம் மெல்லத்தான் வற்றும். அந்த அவகாசம் கிடைத்தால் பல வகை நூற்புழுக்கள் உடம்பைச் சுருட்டிக்கொண்டு, ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கின்றன. உடல்நீர் ஏறக்குறைய முழுவதும் போய், வளர்சிதை மாற்றமே நின்றதுபோல் கிடக்கின்றன. ஐப்பசி மழை விழுந்ததும் மறுபடி நெளிகின்றன. சீனிக்கிழங்கைத் தாக்கும் ரெனிஃபார்ம் நூற்புழு இதில் கைதேர்ந்தது. கருத்துச் சுருங்கிய கோதுமை மணிக்குள் நார்போல் கிடந்த நூற்புழுக்கள் நீர் பட்டதும் அசைந்ததை 1743இலேயே ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் நீடம் பார்த்திருக்கிறார். இந்த நிலைக்கு 1894இல் அன்ஹைட்ரோபயோசிஸ் என்று பெயர் வைத்தவர் பிரெஞ்சு விலங்கியலாளர் ஆல்ஃபிரட் ஜியார்.

‘விதை உறக்கம்’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். அங்கே ஈரம் இருந்தாலும் விதை முளைக்காது, தடை உள்ளேயே இருக்கிறது. இங்கே தடை நீரின்மை மட்டும்தான். இரண்டையும் உறக்கம் என்றால் மாணவர் குழம்புவார். ‘நீரற்ற வாழ்வு’ என்று எங்கள் மாவட்டத்தில் எழுதினால் குடிநீர்ப் பஞ்சம் என்றுதான் படிப்பார்கள்.

நான் முன்வைப்பது ‘வற்றுயிர் நிலை’. வற்று, உயிர் என்ற இரண்டும் சேர்ந்த வினைத்தொகை. வற்றிய, வற்றுகிற, வற்றும் என்று மூன்று காலத்துக்கும் இடம் கொடுக்கிறது. கண்மாய் வற்றுவதும் மிளகாய் வற்றலாவதும் மெதுவாக நடப்பவை. அந்த மெதுவைச் சொல் சுமக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ஏனென்றால் கட்டுப்படுத்தும் வழியும் அதில்தான் இருக்கிறது: கோடை உழவில் அடிமண்ணைப் புரட்டி மேலே போட்டால் புழுவுக்கு வற்றுயிர் நிலைக்குப் போக நேரமே கிடைக்காது. வெயில் சூட்டில் புழுவைக் கொல்ல மண்மேல் பாலித்தீன் விரிப்பு போடுவதற்கு முன் தண்ணீர் பாய்ச்சச் சொல்வதும் இதனால்தான். வற்றிய புழு சூட்டைத் தாங்கும், நனைந்த புழு தாங்காது. காய்ந்த மண்ணின் மேல் விரித்துவிட்டுப் பலனில்லை என்று விட்டுவிட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு வரி அவர்களுக்குப் புரியும்படி எழுதினாலே போதும், கையேடு பயன்பட்டுவிடும்.

இன்னொரு வசதி. உயிரியக்கம் நின்றதுபோல் கிடக்கும் இத்தகைய நிலைகளுக்கெல்லாம் உயிரியலாளர் டேவிட் கெய்லின் 1959இல் கொடுத்த பொதுப்பெயரான கிரிப்டோபயோசிஸை ‘மறையுயிர் நிலை’ என்றும், குளிரில் உறைந்து கிடப்பதை ‘உறையுயிர் நிலை’ என்றும் வைத்துக்கொண்டால் மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கும்.

அப்புறம், நீர் பட்டதும் மீண்டும் இயங்கத் தொடங்குவதை இப்போதைக்கு ‘மீளுயிர்ப்பு’ என்று எழுதிவருகிறேன். உழவர் வாயில் அது எளிதாக வருமா என்ற சந்தேகம் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கம் வேறு சொல் இருந்தால், கையேடு அச்சுக்குப் போகும் முன் இங்கே எழுதுங்கள்.