கிராஃபைட்: காரீயமா, எழுதுகரியா, ஏட்டுக்கரிமமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு இங்கே இதுவரை வந்த சொற்கள் நான்கு: காரீயம், எழுதுகரி, பென்சில்கரி, அடுக்குக்கரி. நான்கையும் சில நாள்களாக வாக்கியங்களில் வைத்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> காரீயம் ஏற்கெனவே புழங்கும் சொல்தானே, புதிதாக எதற்கு?

இரண்டு பொருளில் புழங்குகிறது என்பதுதான் என் கவலை. தமிழகப் பாடநூலில் காரீயம் ஓர் உலோகம், வெள்ளீயத்தின் இணை. இலங்கைத் தமிழில் அதே சொல் கிராஃபைட்டைக் குறிக்கிறது. உலோகத்துக்கு அங்கே ஈயம் என்றே பெயர். அந்த உலோகம் குழந்தைகளின் மூளையையும் நரம்பையும் கெடுக்கும் நஞ்சு. கிராஃபைட்டோ கார்பனைத் தவிர வேறொன்றுமில்லை. முன்பு ஒருமுறை பென்சிலைப் பற்றிய சிறு குறிப்பைத் தமிழாக்கியபோது காரீயம் என்று எழுதிவிட்டேன். அதைப் படித்த ஒரு தாய், பென்சில் முனையைக் கடித்த தன் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமா என்று பதறிப்போய்க் கேட்டார். அன்றிலிருந்து இந்தப் பொருளுக்கு அந்தச் சொல்லை நான் தொடுவதில்லை.

இந்தக் குழப்பத்தில் நாம் மட்டும் சிக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேலில் நல்ல தரமான கிராஃபைட் படிவு கிடைத்தபோது, அதை ஈயத்தின் ஒரு வகை என்றே எண்ணினார்கள். இலத்தீனில் ஈயத்தின் பெயரை ஒட்டிப் பிளம்பாகோ, ஆங்கிலத்தில் ‘கறுப்பு ஈயம்’. ஜெர்மானியர்கள் இன்றும் பென்சிலை ‘ஈயக்கோல்’ என்றுதான் அழைக்கிறார்கள். 1779இல் வேதியியலாளர் ஷீலே சோதித்துப் பார்த்து, இது ஈயமல்ல, கரியின் ஒரு வடிவம் என்று காட்டினார். பத்தாண்டு கழித்து, 1789இல், கனிமவியலாளர் ஆபிரகாம் வெர்னர் ‘எழுது’ எனப் பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து கிராஃபைட் என்ற பெயரை உருவாக்கினார். கார் + ஈயம் என்ற நம் சொல்லும் அந்தப் பழைய பிழையையே சுமக்கிறது. ஷீலேக்குப் பிறகும் அதை நாம் தூக்கிச் சுமக்க வேண்டுமா?

> அப்படியானால் எழுதுகரி. வெர்னர் வைத்த பெயரின் நேர்ப் பொருள்.

அழகான சொல்தான், மறுக்கவில்லை. வெர்னர் காலத்தில் எழுதுவது இதன் முதன்மையான வேலைகளில் ஒன்று. 1795இல் பிரான்சின் கோண்டே கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டு, களிமண் கூடினால் முனை கடினமாகும், குறைந்தால் கருமையாகும் என்ற முறையைக் கொண்டுவந்தார். இன்றைய பென்சிலும் அதன் வழியில்தான் வருகிறது. ஆனால் உருக்கு உலையில் மின்வில் எழுப்பும் தண்டை, மோட்டாருக்குள் சுழலும் பகுதியோடு உரசி மின்சாரம் கடத்தும் பிரஷ்ஷை, உருகிய உலோகத்தைத் தாங்கும் மூசையை, லித்தியம் பேட்டரியின் எதிர்மின்வாயை எழுதுகரி என்று அழைத்தால் வாய் தயங்குகிறது. ‘எழுதுகரியில் லித்தியம் அயனிகள் சேமிக்கப்படுகின்றன’ என்று எழுதிப் பாருங்கள். பென்சில்கரிக்கும் இதே குறைதான்.

எனவே பெயர், பொருள் செய்யும் ஒரு வேலையிலிருந்து வராமல், எல்லா வேலைகளுக்கும் காரணமான அமைப்பிலிருந்து வர வேண்டும் என்பது என் கருத்து. கிராஃபைட்டில் ஒவ்வொரு கார்பன் அணுவும் பக்கத்திலுள்ள மூன்று அணுக்களோடு 0.142 நானோமீட்டர் தொலைவில் இறுகப் பிணைந்து, தேன்கூட்டின் அறுகோணம் போல ஒரு தளமாகப் பரவுகிறது. ஒரு தளத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.335 நானோமீட்டர், அங்கே இருப்பது மெலிந்த ஈர்ப்பு மட்டுமே. தாளில் தேய்த்தால் தளங்கள் கழன்று ஒட்டிக்கொள்வதற்கு இதுவே காரணம். அணுவின் வெளிக்கூட்டிலுள்ள நான்காம் எலெக்ட்ரான் தளம் முழுக்க உலவுவதால் தளத்தின் வழியே மின்சாரம் எளிதாகப் பாய்கிறது, குறுக்கே பாய்வது மிகக் குறைவு. பேட்டரியை மின்னேற்றும்போது லித்தியம் இந்த இடுக்குகளில்தான் நுழைகிறது. ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம் என்று நிரம்பும்போது இடைவெளி 0.37 நானோமீட்டராக விரிகிறது, கருமை போய்ப் பொன்னிறம் வருகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத செய்தி இது.

மசகுத் தன்மையை மட்டும் இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. தளங்கள் தாமாகவே வழுக்கிவிடும் என்றுதான் பலரும் எழுதுகிறோம். ஆனால் இரண்டாம் உலகப்போரில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் கார்பன் பிரஷ்கள் விரைவாகத் தேய்ந்து தூளாயின. மேலே காற்றில் ஈரப்பதம் இல்லாததே காரணம். பரப்பில் நீராவி படிந்திருந்தால்தான் கிராஃபைட் நன்றாக வழுக்கும். பெயரில் ‘வழுக்கு’, ‘மசகு’ போன்றவற்றைச் சேர்க்கலாம் என்ற யோசனையை இதனால்தான் நான் ஏற்கவில்லை.

அப்படியானால் அடுக்குக்கரி போதாதா என்று கேட்கலாம். திசை சரி, சொல் கொஞ்சம் தடித்திருக்கிறது. செங்கல்லையும் அடுக்கலாம், பானையையும் அடுக்கலாம். நமக்கு வேண்டியது மெல்லியதாகவும் உரித்தெடுக்கக் கூடியதாகவும் உள்ள ஒன்றின் பெயர். அதற்குத் தமிழில் ஏடு இருக்கிறது. தயிரின் மேல் படிவது ஏடு, சுவடியில் ஒற்றை ஓலையும் ஏடு. அமைப்பையும் சொல்லி எழுத்தின் நினைவையும் தொட்டுச் செல்வதால், வெர்னரையும் நாம் முழுக்கக் கைவிடவில்லை.

ஆகவே என் பரிந்துரை ஏட்டுக்கரிமம். ஏட்டுக்கரி என்று சுருக்கலாமே என்றால், இரண்டு தடைகள் தெரிகின்றன. நிலக்கரி, மரக்கரி வரிசையில் நின்றால் எரிபொருள் என்ற எண்ணம் வரும். கிராஃபைட்டோ எளிதில் தீப்பற்றாதது, சாதாரண அழுத்தத்தில் உருகாமல் சுமார் 3,600 பாகை செல்சியசில் நேராக ஆவியாவது. அடுத்தது, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழியின் ஓசை உடனே காதில் விழும். கரிமம் என்று முடித்தால் கார்பன் என்ற தனிமம் ஐயமின்றித் தெரியும். மைக்கா என்ற கனிமமும் ஏடேடாகத்தானே பிரியும் என்ற கேள்விக்கும் அதுவே விடை.

கிளைச்சொற்களில்தான் இதன் வலு புரிகிறது. 2004இல் இயற்பியலாளர்கள் கெய்மும் நோவோசெலோவும் பசைநாடாவால் உரித்து உரித்து ஒற்றை அணுத்தடிமன் வரை கொண்டுவந்தார்களே, அந்தக் கிராஃபீனை ஓரேடு எனலாம். அடுத்து ஈரேடு, மூவேடு. லித்தியம் புகுவது ஏட்டிடைச் செருகல். தளங்களைப் பிரிப்பது ஏடுரித்தல். எழுதுகரியிலிருந்து இவற்றில் ஒன்றையாவது பிறப்பிக்க முடியுமா?

இந்தப் பெயர் தொடாத பயனும் உண்டு. 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் இயங்கிய முதல் அணு உலையில் கிராஃபைட் தணிப்பானாக இருந்தது. அங்கே வேலை செய்தவை நியூட்ரானை விழுங்காமல் வேகத்தை மட்டும் குறைக்கும் கார்பன் அணுக்கள்; நியூட்ரானை விழுங்கும் போரான் கலக்காத தூய்மைக்காகவே பெரும்பாடு பட்டார்கள். ஏடுகளுக்கு அதில் பங்கில்லை. ஒரு சொல்லால் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது என்பதால் இதை நான் குறையாக எண்ணவில்லை.

பட்டறையிலும் ஆலையிலும் கிராஃபைட் என்றே சொல்லட்டும், அதை மாற்றச் சொல்லவில்லை. பாடநூலுக்கும் கட்டுரைக்குமான சொல் இது.

எனக்குப் பிடிபடாதது ஒன்றுதான். எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரியான பெட்ரோலியக் கோக்கை 2,500 பாகைக்கு மேல் சூடாக்கி, ஒழுங்கற்ற கார்பனைக் கிராஃபைட்டாக மாற்றுகிறார்களே, அந்தச் செயலுக்கு ‘ஏட்டுக்கரிமமாக்கல்’ வாயில் நுழையவில்லை. ‘ஏடாக்கல்’ என்றால் கார்பன் விடுபட்டுப் போகிறது. ‘ஏடொழுங்காக்கல்’ என்று ஒன்று தோன்றியது, அதிலும் மனம் நிறையவில்லை. உலைவேலை தெரிந்தவர்கள் இதைவிடக் கச்சிதமாக ஏதேனும் சொல்வீர்களா?