‘பை’, ‘விதின்’, ‘இன்’: காலத்தைக் குறிக்கும் ப்ரிபொசிஷன்களைக் கற்பிக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். ராணிப்பேட்டை, ஆம்பூர் பகுதிகளின் தோல், காலணி ஏற்றுமதி நிறுவனங்களில் அலுவலக வேலை தேடும் இளைஞர்களுக்கு வேலூரில் மாலை நேரத்தில் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதும்போது காலத்தைக் குறிக்கும் ப்ரிபொசிஷன்களில், அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘பை’, ‘இன்’ போன்ற சிறு சொற்களில், அவர்கள் தடுமாறுகிறார்கள்.

‘வெள்ளிக்கிழமைக்குள்’, ‘மூன்று நாட்களுக்குள்’ என்று இரண்டுக்கும் நாம் ஒரே வடிவத்தைப் பயன்படுத்துகிறோம். ஆங்கிலமோ கெடு நாளுக்கு ‘பை ஃப்ரைடே’ என்றும், கால அளவுக்கு ‘விதின் த்ரீ டேஸ்’ என்றும் பிரித்துச் சொல்கிறது. இதை மாணவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். ‘சின்ஸ்’, ‘ஃபார்’ வேறுபாடும் பயிற்சியில் சரியாகிவிடுகிறது.

பெரிய சிக்கல் ‘இன் த்ரீ டேஸ்’ என்பதில்தான். ‘த கன்டெய்னர் வில் லீவ் இன் த்ரீ டேஸ்’ என்றால், இன்றிலிருந்து மூன்று நாள் கழித்துச் சரக்கு கிளம்பும் என்றே பொதுவாகப் பொருள்படும். ‘தே ஸ்டிட்ச்ட் த சேம்பிள் இன் த்ரீ டேஸ்’ என்றாலோ, அந்த மாதிரிக் காலணியைத் தைக்க மூன்று நாள் பிடித்தது என்று பொருள். வாடிக்கையாளர் கப்பலுக்கு இடம் பதிவு செய்வதே இத்தகைய ஒரு சொல்லை நம்பித்தான் என்பதால், இதை நான் சிறு பிழையாகக் கருதவில்லை.

இந்த இரு பொருள்களையும் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு எந்த வரிசையில் கற்பிப்பது நல்லது? வணிகக் கடிதங்களை ஒட்டிய பயிற்சி வாக்கியங்கள் வைத்திருக்கும் ஆசிரியர்கள் அவற்றை இங்கே பகிர்ந்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.