ஏஜென்ட்: கருவியா, கருத்தாவா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

மதிப்பிற்குரிய குழு நண்பர்களுக்கு வணக்கம்.

அன்றாடத் திட்ட மேலாண்மையில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். கூட்டக் குறிப்பு, பணிப் பிரிப்பு, இடர்ப் பதிவேடு, நிலையறிக்கை ஆகியவற்றுக்குச் சொற்கள் தடையின்றி அமைந்துவிட்டன. ‘ஏஜென்ட்’ என்ற ஒரு சொல்லில்தான் நின்றுவிட்டேன். கேட்ட கேள்விக்கு விடை சொல்வதோடு நில்லாமல், தானே நாட்காட்டியைத் திறந்து தேதியை மாற்றும், நினைவூட்டல் அனுப்பும், ஒருவர் பெயரில் இருந்த பணியை இன்னொருவர் பெயருக்கு ஒதுக்கும் மென்பொருளை அச்சொல் குறிக்கிறது.

இதுவரை ‘முகவர்’ என்றே எழுதிவந்தேன். மெய்ப்புப் பார்த்த நண்பர், “முகவர் கெடுநாளைத் தள்ளிவைத்துக் குழுவினருக்குத் தெரிவித்தார்” என்ற வரியைப் படித்துவிட்டு, அந்த முகவர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று கேட்டார். ‘தெரிவித்தது’ என்று மாற்றினால் திணை வழு. இதைவிடப் பெரிய சிக்கல் பொறுப்பு ஒதுக்கீட்டு அட்டவணையில் இருக்கிறது. வேலையைச் செய்பவர், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர், கலந்தாலோசிக்கப்பட வேண்டியவர், செய்தி அறிவிக்கப்பட வேண்டியவர் என்று அதில் நான்கு நிரல்கள் உண்டு. முதல் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ‘ரெஸ்பான்சிபிள்’, ‘அக்கவுண்டபிள்’ என்று தனித்தனிச் சொற்கள் இருக்க, நாம் இரண்டையும் ‘பொறுப்பு’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். முதல் நிரலில் ‘முகவர்’ என்று வந்தால், பதில் சொல்ல வேண்டியவரும் அவரே என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார் என அஞ்சுகிறேன். தங்கள் கருத்துகளை வேண்டுகிறேன்.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

அன்புடையீர், தாங்கள் ஒரு பெயர்ச்சொல்லைக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் சிக்கலின் வேர் மூன்றாம் வேற்றுமையில் இருக்கிறது. நன்னூலார் ஆல், ஆன், ஒடு, ஓடு என்னும் உருபுகளுக்குக் ‘கருவி கருத்தா உடனிகழ்வு’ என்று பொருள் சொன்னார். அவருக்கு நெடுங்காலம் முன்பே தொல்காப்பியர் ‘வினைமுதல் கருவி அனைமுதற் றதுவே’ என்று செய்பவனையும் செய்கருவியையும் ஒரே வேற்றுமையின்கீழ் வைத்தார். ‘வாளால் வெட்டினான்’ என்பதில் வாள் கருவி; ‘தச்சனால் செய்யப்பட்டது’ என்பதில் தச்சன் கருத்தா. இரண்டுக்கும் உருபு ஒன்றுதான். வாள் தானே எழுந்து வெட்டாது என்பது நமக்கு முன்பே தெரியும் என்பதால்தான் இத்தனை நூற்றாண்டுகளாக மயக்கம் நேரவில்லை. ‘செயற்கை நுண்ணறிவால் திருத்தப்பட்ட கால அட்டவணை’ என்று எழுதும்போது அந்த முன்னறிவு துணைக்கு வருவதில்லை. அது வாளா, தச்சனா என்பது தொடரிலிருந்து தெரியாது.

கருத்தாவிலும் இரு வகை உண்டு என்பதைக் குழுவினர் அறிவார்கள். ‘அரசன் கோயில் கட்டினான்’ என்றால் ஏவுதற்கருத்தா. ‘சிற்பி கோயில் கட்டினான்’ என்றால் இயற்றுதற்கருத்தா. தங்கள் அட்டவணையின் முதல் இரு நிரல்களும் இவைதாம்: செய்பவர் இயற்றுவோர், பதில் சொல்ல வேண்டியவர் ஏவுவோர்.

எனவே, ஏவியவர் ஒருவர் பின்னால் நிற்கிறார் என்பதைத் தன் உருவத்திலேயே சொல்லும் பெயர் வேண்டும். ‘ஏவலி’ என்று பரிந்துரைக்கிறேன். இகர விகுதி செயலி, உலாவி, வருடி ஆகியவற்றில் பழகியதுதான். ஏவலி என்றவுடன் ‘ஏவியவர் யார்?’ என்ற வினா தானாக எழும்.

திட்ட மேலாளர் ஒருவர் எழுதியது:

ஐயா அவர்களின் விளக்கத்தைப் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் நான் நாள்தோறும் இந்த மென்பொருளோடு வேலை செய்பவன். என் குழுவில் அனைவரும் ‘ஏஜென்ட்’ என்றுதான் சொல்கிறோம். ‘ஏவலி ஒதுக்கிய பணிகளைச் சரிபாருங்கள்’ என்று நான் எழுதினால், முதலில் அச்சொல்லை விளக்க வேண்டும். பிறகுதான் பணியைப் பற்றிப் பேச முடியும். ஏவல் என்றவுடன் பலருக்குப் பில்லி, சூனியத்தின் நினைவே வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு திருத்தமும் உண்டு. பதில் சொல்ல வேண்டியவர் எப்போதும் ஏவியவராக இருப்பதில்லை. கூட்டக் குறிப்பை எடுக்குமாறு மென்பொருளை ஏவியவர் குழுவின் இளையவராக இருக்கலாம். அந்தக் குறிப்பு தவறானால் பதில் சொல்ல வேண்டியவன் நான். அண்மையில் ஒரு கூட்டத்தில், வராத ஒருவரின் பெயரை யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். மென்பொருள் அவர் பெயருக்கு ஒரு பணியை ஒதுக்கி, கெடுநாளும் குறித்து, தொடர்ந்து இரண்டு நினைவூட்டல்களும் அனுப்பிவிட்டது. அவர் என்னிடம் கேட்டபோது ‘அது தானாக வந்தது’ என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னது தவறு என்று இன்றும் வருந்துகிறேன்.

கால மதிப்பீட்டிலும் இதே நிலைதான். 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான பெர்ட் முறையில், ஒவ்வொரு பணிக்கும் மூன்று மதிப்பீடுகள் கேட்கப்பட்டன: எல்லாம் நன்றாக நடந்தால் எத்தனை நாள், பெரும்பாலும் எத்தனை நாள், எல்லாம் தடைப்பட்டால் எத்தனை நாள். நடு மதிப்பீட்டை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுப்பார்கள். மென்பொருளிடம் கேட்டால் மூன்று எண்களையும் நொடியில் தந்துவிடுகிறது. வாய்பாடும் பிழையின்றிப் போடுகிறது. ஆனால் அந்த எண்கள் வேலை செய்யப்போகிறவரின் வாயிலிருந்து வந்தவை அல்ல. ஆகவே எனக்கு வேண்டியது தூய சொல் அன்று. யாருடைய எண் இது என்று மறைக்காத வாக்கியம்.

சொற்பிறப்பு ஆய்வாளர் எழுதியது:

‘கருத்தா’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு தனித்தமிழ்க் கலைச்சொல் தேடுவது எனக்கு உவப்பாக இல்லை. தொல்காப்பியர் ‘வினைமுதல்’ என்று அழகாகச் சொல்லியிருக்க, ‘கர்த்தா’வின் திரிபு நமக்கு எதற்கு? ‘முகவர்’ என்பதை அவ்வளவு எளிதில் கைவிடவும் வேண்டாம். அதை ‘முகம்’ என்பதிலிருந்து மட்டுமே பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘முகத்தல்’ என்றால் மொள்ளுதல், மொண்டு அளத்தல்; முகத்தலளவை, முகவை ஆகியவை அதன் வழி வந்தவை. பெருந்தரவிலிருந்து வேண்டியதை மொண்டு தருவது என்ற பொருளில் ‘முகவை’ என்றே நாம் ஆளலாம். அஃறிணைப் பெயராகவும் அமைகிறது, திணை வழுவும் நீங்குகிறது.

தூதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பரிமேலழகர் தூதுவரைத் தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான் என இருவகைப்படுத்துகிறார். கொடுத்த செய்தியை அப்படியே அனுப்பும் பழைய நினைவூட்டல் மென்பொருள் கூறியது கூறுவான். சூழலைப் பார்த்துச் சொல்லையும் நேரத்தையும் தானே தேர்வது தான் வகுத்துக் கூறுவான். இத்துறையினர் இன்று தேடுகின்ற வேறுபாடு அந்த உரையில் இருக்கிறது.

மேலும் ஒன்று. தொழில் முதனிலை எட்டு என்று தொல்காப்பியர் கூறுவன: வினை, செய்வதாகிய வினைமுதல், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன். ஒரு திட்டத்தின் முதல் பக்கத்தில் இந்த எட்டையும் நிரப்பினால் அதற்குமேல் என்ன வேண்டும்? வள்ளுவர் ‘பொருள்கருவி காலம் வினையிடனொடு ஐந்தும்’ என்று ஐந்தாக எண்ணினார். ‘இதனை இதனால் இவன்முடிக்கும்’ என்ற குறளிலோ இதனை என்பது பணி, இதனால் என்பது கருவி, இவன் என்பது வினைமுதல் என மூன்றும் தனித்தனியே நிற்கின்றன. செயற்கை நுண்ணறிவுக்குரிய இடம் ‘இதனால்’. ‘இவன்’ என்ற இடத்தில் அதை வைக்கவே கூடாது.

ஈழ வழக்கில் எழுதும் உறுப்பினர் எழுதியது:

நாங்கள் ‘கருத்திட்ட முகாமைத்துவம்’ என்று எழுதுவதை நீங்கள் ‘திட்ட மேலாண்மை’ என்கிறீர்கள். அந்த வேறுபாட்டோடு வாழப் பழகிவிட்டோம். புதுச்சொல்லிலாவது ஒன்றுபடலாம் என்பதற்காகச் சுருக்கமாக எழுதுகிறேன். முகவர் என்ற சொல் இரு கரையிலும் ஒரே பொருளில் வழங்கும் சில நிருவாகச் சொற்களில் ஒன்று. ஒருவர் சார்பில் செயற்பட உரிமை பெற்ற ஆளை அது குறிக்கிறது. அந்தச் சட்டப் பொருளை மென்பொருளுக்குக் கொடுத்து நீர்த்துப்போகச் செய்ய வேண்டாம். ‘முகவை’ எங்கள் வாசகருக்கு விளங்காது. ஏவலியில் எனக்கு மறுப்பு இல்லை.

கல்லூரியில் மேலாண்மை கற்பிக்கும் உறுப்பினர் எழுதியது:

ஆசிரியர் ஐயா சுட்டிய உருபு மயக்கத்துக்கு நம் கையிலேயே ஒரு மருந்து இருக்கிறது. ‘ஆல்’ என்பதை விட்டுவிட்டுக் ‘கொண்டு’ என்ற சொல்லுருபை ஆளுவோம். ‘வாள்கொண்டு வெட்டினான்’ என்னும்போது வாள் கருவி என்பதில் ஐயமே இல்லை. ‘செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அட்டவணையைத் திருத்தினார்’ என்று எழுதினால், ‘கொண்டு’ என்பது அடிப்படையில் வினையெச்சம் ஆதலால், கொண்டவர் ஒருவரை எழுவாயாகத் தொடர் கேட்கும். மாணவர்கள் ‘ஏஐ-யால் செய்யப்பட்டது’ என்று எழுதி வரும் ஒப்படைப்புகளை நான் திருப்பிக் கொடுத்து, ‘ஏஐ-யைக் கொண்டு யார் செய்தார்?’ என்று கேட்பதுண்டு. பெயர் எழுத நேர்ந்தவுடன் பலர் அந்தப் பக்கத்தை மறுபடி படித்துப் பார்க்கிறார்கள். பெயர்ச்சொல் எதுவானாலும் இந்த உருபை விதியாக்கிவிட்டால் மேலாளர் கேட்ட வாக்கியம் கிடைத்துவிடும்.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

அம்மா, தங்கள் பரிந்துரையை மனமார ஏற்கிறேன். ஆயினும் அது முழு அரண் அன்று. ‘செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தயாரிக்கப்பட்டது’ என்று செயப்பாட்டுவினையில் முடித்துவிட்டால் எழுவாய் மறுபடியும் மறைந்துகொள்ளும். அதைவிட நுட்பமான ஒரு வழியும் உண்டு. ‘செயப்படு பொருளைச் செய்தது போலத் தொழிற்படக் கிளத்தலும் வழக்கியல் மரபே’ என்று தொல்காப்பியர் இசைவு தந்திருக்கிறார்; ‘திண்ணை மெழுகிற்று’ என்பது உரையாசிரியர்கள் தரும் காட்டு. திண்ணை தன்னைத் தானே மெழுகிக்கொள்வதில்லை. ‘கெடுநாள் மாறியது’, ‘பணி ஒதுங்கியது’, மேலாளர் சொன்ன ‘அது தானாக வந்தது’ ஆகிய மூன்றும் அந்தத் திண்ணையின் வழியில் வந்தவை. மரபு அதை ஏற்கிறது. நிலையறிக்கை ஏற்கக் கூடாது. கையேட்டில் இப்படி ஒரு குறிப்புச் சேர்த்தால் நன்று.

இகர விகுதி பற்றி நான் முன்பு சொன்னதிலும் ஒரு திருத்தம். அவ்விகுதி மண்வெட்டியில் கருவியையும், ஊருணியில் செயப்படுபொருளையும், ‘சேர்ந்தாரைக் கொல்லி’ என்ற குறள் தொடரில் வினைமுதலையும் குறிக்கிறது. ஆகவே ஏவலியின் இகரம் கருவியைத்தான் சுட்டும் என்று உறுதி சொல்ல இயலாது. பகுதியாகிய ‘ஏவல்’தான் அச்சொல்லின் வலிமை.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நண்பர்களே, நாளை ஒப்படைப்பு. ஏவலிக்கு இருவர் இசைவு தெரிவித்திருக்கிறார்கள், ‘முகவை’க்கு ஒருவர், ‘ஏஜென்ட்’ என்றே இருக்கட்டும் என்பவர் ஒருவர். இதைப் பெரும்பான்மை என்று சொல்லத் தயக்கமாக இருந்தாலும், ஏவலி என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். ஒவ்வோர் இயலிலும் முதலில் வரும் இடத்தில் ‘ஏவலி, அதாவது ஏஜென்ட்’ என்று இருக்கும். அட்டவணையின் முதல் நிரல் ‘செய்பவர்’, இரண்டாம் நிரல் ‘பதிற்பொறுப்பாளர்’. ஏவலியின் பெயர் எந்த நிரலிலும் தனித்து வராது. ‘இன்னார், ஏவலியைக் கொண்டு’ என்றே வரும். தூதுவர் பகுப்பை அடுத்த பதிப்பில் சேர்க்க முயல்கிறேன்.

திட்ட மேலாளர் எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்; பேச்சில் நான் ‘ஏஜென்ட்’ என்றே சொல்வேன். ஆனால் எங்கள் வாராந்திர நிலையறிக்கையில் இன்று ஒரு நிரலைக் கூட்டியிருக்கிறேன். அதன் தலைப்பு ‘ஏவியவர்’. அந்தச் சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

மகிழ்ச்சி. ஓர் ஐயம் மட்டும் எனக்கு எஞ்சியிருக்கிறது. ஒரு ஏவலி பணியைப் பகுத்து, வேறு ஏவலிகளை ஏவி முடிக்கும் முறையும் இப்போது வந்துவிட்டதாக அறிகிறேன். ‘செய்வி’ என்பது ஏவல், ‘செய்விப்பி’ என்பது ஈரேவல் என்று நன்னூலார் வகுத்தார். மேலாளர் ஏவ, ஏவலி ஏவ, இன்னோர் ஏவலி செய்தால் அது ஈரேவலில் அடங்கும். அந்த இன்னோர் ஏவலியும் மூன்றாவது ஒன்றை ஏவினால், ‘ஏவியவர்’ என்ற நிரலில் யார் பெயரை எழுதுவது? மேலாளர் அவர்கள் தம் வழக்கத்தைச் சொன்னால், நூற்பாவை ஒட்டி யோசிக்கிறேன்.