மறு: மறு: "ஃபன்னி" மின்னோட்டத்துக்கு என்ன சொல்லலாம்? (அவசரம்)

உடலியங்கியல் ஆசிரியை:
வணக்கம். செவிலியர் வகுப்புக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனோ ஏட்ரியல் கணுவின் செல், துடிப்பு முடிந்ததும் சும்மா இருப்பதில்லை. மின்னழுத்தம் மைனஸ் 60 மில்லிவோல்ட் அளவுக்கு இறங்கியதும் ஒருவகை அயனிக் கால்வாய் (செல் சவ்வில் மின்னூட்டத் துகள்கள் போகும் வழி) திறந்து சோடியத்தை உள்ளே விடுகிறது. அழுத்தம் மெல்ல ஏறி மைனஸ் 40-ஐ நெருங்கினால் கால்சியக் கால்வாய்கள் திறந்து அடுத்த துடிப்பு. மற்ற பல கால்வாய்கள் அழுத்தம் ஏறினால் திறக்கும். இது இறங்கினால் திறக்கிறது. 1979-இல் ஆக்ஸ்ஃபோர்டில் முயல் இதயத்தில் இதை ஆராய்ந்த பிரவுன், டிஃபிரான்செஸ்கோ, நோபிள் மூவரும் விவரித்த இந்த வினோத மின்னோட்டத்துக்கு "ஃபன்னி" என்ற பெயரே நிலைத்துவிட்டது. "வேடிக்கை மின்னோட்டம்" என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
> வேடிக்கை மின்னோட்டம்
வேண்டாம் அம்மா. தொல்காப்பியர் நகைக்குச் சொன்ன நிலைக்களன் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இதில் எது சோடியத்துக்குப் பொருந்தும்? இங்கே இருப்பது மருட்கை, அதாவது வியப்பு, அதிலும் புதுமை பற்றி வந்தது. ஆகவே "மருள் மின்னோட்டம்".
இன்னொன்று. கால்வாய் எந்நேரமும் திறந்தே கிடக்கும். திறந்து மூடுவதற்குப் "புதவு" என்ற பழஞ்சொல் இருக்கிறது. கதவும் அதுவே, மதகும் அதுவே. அயனிப் புதவு! புதவு, புதவம், கதவு, கதவம் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

இதயநோய் மருத்துவர்:
ஐயா, மருள் என்று வார்டில் சொன்னால் பேய் பிடித்ததா என்பார்கள். ஐவாப்ராடின் மாத்திரை அடைப்பது இந்த வழியைத்தான். துடிப்பின் வேகம் குறையும், இதயம் சுருங்கும் வலு குறையாது. அட்ரினலின் வந்தால் இது சுலபமாகத் திறக்கும், துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு முடுக்கினால் எதிர்மாறு. பெயரைக் கேட்டதும் வேலை தெரிய வேண்டும். தாழ்ந்தால் திறப்பது, "தாழ்திறப்பு மின்னோட்டம்". புதவை நானே அகராதியில் தேட வேண்டியிருந்தது.

தமிழாசிரியர்:
டாக்டர், தெரிந்து சொன்னீர்களா, தெரியாமலா? தாழ் என்றால் தாழ்ப்பாளும்தான்! குறளில் அன்பை அடைக்கும் தாழ் வருகிறதே, அது நெஞ்சில்தானே...

கணினித் தமிழ் ஆர்வலர்:
அதுதான் சிக்கல். பிள்ளைகள் தாழ்ப்பாள் என்றே படிப்பார்கள். அப்புறம், இந்த மின்னோட்டத்தின் குறியீட்டில் ஐ-க்குக் கீழே "ஃபன்னி"க்காக எழுதும் எஃப் எங்கே போயிற்று? பரீட்சையில் அதுதானே வருகிறது. "ஃபன்னி மின்னோட்டம்" என்றே விடுங்கள். அயனியை மட்டும் தமிழாக்கியா வைத்திருக்கிறோம்?

உடலியங்கியல் ஆசிரியை:
நன்றி. பெரும்பாலோர் தாழ்திறப்புக்குச் சரி என்கிறார்கள், தனிமடலில் வந்தவர்களும். முதன்முதலாக வரும் இடத்தில் மட்டும் "ஃபன்னி" என்பதையும் பக்கத்தில் போடுகிறேன். கால்வாய் கால்வாயாகவே இருக்கட்டும். மற்ற பாடங்களையும் திருத்த இப்போது நேரமில்லை.

தமிழாசிரியர்:
கால்வாய்க்கு என் மறுப்பைப் பதிவு செய்யவும். அடுத்த பதிப்பு எப்போது?