ஸ்டில் 070: வெடித்த பேக்கலைட் கட்டைக்குப் பதிலாக அலுமினியம் போடலாமா?

உவர்மலை வாள்
வணக்கம். பொயின்ற் (பொறிக்காக மின்னைத் துண்டிக்கும் தொடுமுனை) வைத்த பழைய ஸ்டில் 070 மரம் அறுக்கும் சங்கிலி வாள். பிஸ்டனில் கோடு இல்லை, அமுக்கமும் நல்லாய் இருக்கு. குளிர்ந்து கிடக்கும்போது இரண்டாம் இழுவைக்கே பிடிக்குது. பத்து நிமிசம் அறுத்ததும் வேகம் தானாக ஏறிப் பிறகு நிற்குது. ஆறும்வரை திரும்பப் பிடிக்காது. கழற்றிப் பார்த்தால், காபரேற்றருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிற கறுப்புப் பேக்கலைட் கட்டை போல்ட் ஓட்டையில் வெடித்திருக்கு. டவுனில் லேத்காரர் அலுமினியத்தில் கடைந்து தரலாம் என்கிறார். சரிவருமா? எஞ்சின் கேஸ் (வெளிக்கூடு) முழுக்க வெள்ளை பூத்துக் கிடக்கு, அதற்கும் வழி சொல்லுங்கோ.

கிண்ணியா லேத்
அலுமினியம் வேண்டாம் தம்பி. அந்தக் கட்டை வெறும் இடைவெளி நிரப்பியல்ல, சூட்டை மறிக்கத்தான் வைத்திருக்கு. அலுமினியம் போட்டால் சிலிண்டர் சூடு நேரே காபரேற்றருக்குப் போய் உள்ளே பெற்றோல் ஆவியாகும். நம்மூர் வெயிலில் சூடாகி நின்றால் பிறகு இழுத்து இழுத்துக் கைதான் நோகும். வேகம் தானாக ஏறுவது வெடிப்பால் காற்று உள்ளே போவதன் அடையாளம். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் சூடாகிச் சிலிண்டரில் இறுகிவிடும்.

மோட்டார் சுற்றுகிற கடையில் துணிப் பேக்கலைட் சீட் துண்டு கேளுங்கள். பழையதன் தடிப்பை வேணியரில் அளந்து அதே தடிப்பில் எடுங்கள். அரை மில்லிமீற்றர் மாறினாலும் அக்சிலேற்றர் கம்பி பொருந்தாமல் சிரமம் தரும். பழைய கட்டையை மேலே வைத்து இரண்டையும் சேர்த்து இறுக்கி, அதன் ஓட்டைகளையே அச்சாக வைத்துத் துளையுங்கள். சின்ன ஓட்டை ஒன்று இருக்கும், இம்பல்ஸ் ஓட்டை: எஞ்சின் கேஸின் அழுத்தத் துடிப்பு அதன் வழியேதான் காபரேற்றரில் பெற்றோல் இழுக்கும் டயபிரம் சவ்வுக்குப் போகும். அதற்குள் எந்தத் துளைக்கம்பி இறுக்கமாகப் போகிறதோ அதே அளவில் போடுங்கள். அது அடைபட்டாலோ விலகினாலோ டயபிரம் அசையாது, பெற்றோல் வராது. இங்கேதான் நிறையப் பேர் பிழை விடுவார்கள்: கட்டையில் சரியாகப் போட்டுவிட்டு கேஸ்கற்றில் அந்த ஓட்டையை மறந்துவிடுவார்கள்.

பெரிய ஓட்டையைக் கடைந்தபின் உள் விளிம்பைக் காபரேற்றர் வாயோடு ஒத்துப் பார்த்து அரை வட்ட அரத்தால் சமன் செய்யுங்கள். இரு முகத்தையும் கண்ணாடிமேல் 320 தேய்ப்புத் தாள் விரித்து எட்டு வடிவில் தேய்த்துவிட்டால் மட்டமாகும். தூசி நெஞ்சுக்குக் கூடாது, மாஸ்க் போடுங்கள். கேஸ்கற் 0.5 மில்லிமீற்றர் தாள், இரு பக்கமும். சிலிக்கன் பூசாதீர்கள், பெற்றோல் பட்டால் ஊதிப் பெருத்து உரிந்து டயபிரமுக்குள் போகும். போல்ட்டை இரண்டையும் மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்குங்கள். பழையது வெடித்ததே ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கியதால் இருக்கலாம்.

உவர்மலை வாள்
நன்றி நானா. இருக்கிற கட்டையை அரல்டைற் போட்டு ஒட்டினால்?

கிண்ணியா லேத்
சூட்டில் இளகும். அளவு எடுக்க ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், மெசினில் போடவேண்டாம்.

சீனக்குடா
கட்டை மட்டும்தான் குற்றவாளி என்று முடிவெடுக்க வேண்டாம். நின்றவுடன் பிளக்கைக் கழற்றிப் பொறி பாருங்கள். மஞ்சளாக மெலிந்து அடித்தால் பொயின்ற்றோடு இருக்கும் கொண்டென்சர் சூட்டில் சாகிறது. அளந்தால் 0.2 மைக்ரோபரட் அளவில் காட்டவேணும். மோட்டார் சைக்கிள் கொண்டென்சரும் வேலை செய்யும், அதன் உலோகக் கூட்டுக்கு நல்ல எர்த் கிடைத்தால் போதும். பொயின்ற் இடைவெளி 0.4 மில்லிமீற்றர். தேய்த்தபின் தின்னரில் நனைத்த கடதாசியை நடுவில் வைத்து இழுங்கள், எண்ணெய்ப் படலம் இருந்தால் பொறி வராது. பொயின்ற் பெட்டிக்குள் அடிக்கடி எண்ணெய் கசிந்தால் பிளைவீல் பக்கத்து ஒயில் சீல் போயிற்று என்று அர்த்தம்.

கட்டை மாட்டியபின் ஓட்டமுதல் காற்றுப் பரிசோதனை அவசியம். சைலன்சர் வாயையும் காபரேற்றர் வாயையும் பழைய ரியூப் றப்பரும் தகடும் வைத்து இறுக்குங்கள், பிளக் அப்படியே இருக்கட்டும். இம்பல்ஸ் ஓட்டை வழியே இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பம்பை இணைத்து 300 (மில்லிமீற்றர் பாதரசம்) ஏற்றினால் 0.4 பார். பிளைவீலைச் சுற்றி இரண்டு நிலையில் பாருங்கள். அரை நிமிசம் முள் நிற்கவேணும். விழுந்தால் சவர்க்கார நுரை பூசுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும். பிறகு பிரேக் எண்ணெய் இறக்கும் கைப்பம்பால் உறிஞ்சியும் பாருங்கள். அழுத்தத்தில் தாங்கும் சீல் உறிஞ்சும்போது காற்றை விடுவது நிறையத் தடவை நடக்கும், அதனால் பாதிப் பரிசோதனை வீண்.

மூதூர் பட்டறை
வெள்ளை பூத்த கேஸ் மக்னீசியக் கலவை. வினிகரோ எலுமிச்சையோ படவிடாதீர்கள், உலோகத்தையே தின்றுவிடும். மண்ணெண்ணெய், விறைப்பான நைலோன் பிரஷ், கடைசியில் தின்னர். சுத்தம் செய்த அன்றே எச் பிரைமர் (உலோகத்தைப் பற்றிப் பிடிக்கும் அடிப்பூச்சு) அடியுங்கள். கடற்காற்றில் ஒரு இரவு விட்டால் மறுபடி பூக்கும், ஐப்பசி மாரியில் சொல்லவே வேண்டாம். துருப்பிடித்த திருகாணிக்குப் பதிலாக ஸ்ரெயின்லஸ் போடுவது பார்க்க அழகு, ஆனால் உப்பு ஈரத்தில் மக்னீசியம் ஆணியைச் சுற்றி இன்னும் வேகமாக அரியும். சாதாரண ஸ்ரீல் ஆணியைக் கிரீஸ் பூசிப் போடுங்கள். கிரைண்டர் வைத்தால் வருகிற தூள் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றக்கூடாது, காய்ந்த மணல் வைத்திருங்கள்.

சாதாரண ரூ ஸ்ரோக் எண்ணெய் என்றால் 25க்கு 1: பெற்றோல் லீற்றருக்கு 40 மில்லி. காபரேற்றரில் பெற்றோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் H (முழு வேகம்), L (குறைந்த வேகம்) திருகுகள் இரண்டையும் மெதுவாக மூடி ஒரு சுற்றுத் திறந்து தொடங்குங்கள். சுமையில்லாமல் முழு வேகத்தில் தட்டித் தட்டி ஓடவேணும், முதிரை மரத்தில் வைத்து அறுத்ததும் அந்தத் தட்டல் மறையவேணும். வெறுமனே வீரென்று கத்தினால் H ஐ எட்டில் ஒரு சுற்றுத் திறங்கள்.