ஹைட்ரோடெமாலிஷன்: தகர்ப்பா, பெயர்ப்பா?

வணக்கம்.

கெட்டுப்போன கற்காரையை (கான்கிரீட்டை) உயரழுத்த நீரைப் பாய்ச்சி அகற்றும் முறை ஹைட்ரோடெமாலிஷன். அதற்குத் தமிழ்ச்சொல்லாக ‘நீர்த்தகர்ப்பு’ என்று முன்வைத்திருக்கிறீர்கள். சொல்ல எளிது, ஆனால் வேலையின் தன்மை அதில் வரவில்லை. தகர்ப்பது என்றால் மிச்சமில்லாமல் உடைப்பது. இங்கே பாலம் நிற்க வேண்டும்; தளத்தில் கெட்டுப்போன கற்காரை மட்டும் போக வேண்டும்.

பெரும்பாலும் 1,000 பாருக்கு (காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்குக்கு) மேற்பட்ட அழுத்தத்தில் பாயும் நீர்த்தாரை, கற்காரையின் நுண்துளைகளிலும் விரிசல்களிலும் புகுந்து உள்ளிருந்து நெம்புகிறது. அமுக்குவிசையைத் தாங்குவதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கற்காரை இழுவிசையைத் தாங்கும். அதனால் நலிந்த பகுதி முதலில் கழன்று விழும். கெட்டியான பகுதி நிற்கும். உள்ளிருக்கும் இரும்புக் கம்பிக்குச் சேதமில்லை, அதன் துருவும் கழுவிப்போகும். பிரேக்கர் என்னும் இடிப்புக் கருவியால் இடித்தாலோ அடியில் நிற்கும் நல்ல கற்காரையிலும் மயிரிழை விரிசல் விழுந்துவிடும். மேலே போடும் புதுத் தளம் பிறகு அந்த இடத்தில்தான் பிடிப்பு விடும்.

சுவரில் இப்படிக் கழன்றால் ‘காரை பெயர்ந்துவிட்டது’ என்போம். வேண்டிய சொல் அங்கேயே இருக்கிறது: ‘நீர்த்தாரைப் பெயர்ப்பு’. பெயர்ப்பு ஆழம், பெயர்ப்புப் பொறி, பெயர்த்த பரப்பு என்று கிளைச்சொற்களும் தடையின்றி வரும்.

*

‘பெயர்ப்பு’ எனக்கும் சம்மதம், ஐயா. ‘நீர்த்தாரை’யில்தான் ஓர் ஐயம். உராய்மணல் கலந்து கம்பியையும் சேர்த்தே அறுக்கும் முறையும் நீர்த்தாரைதான். அதை ‘நீர்த்தாரை அறுப்பு’ என்று பிரித்துவிட்டால் குழப்பமில்லை. இரண்டையும் ஒன்றென்று எண்ணி யாராவது மணலைக் கலந்தால் பாலத்தின் கம்பியே போய்விடும்.

இன்னும் சில சொற்களும் வேண்டும். தாரை கம்பியில் பட்டுச் சிதறுவதால் கம்பிக்கு நேர் கீழே ஒரு வரி கற்காரை பெயராமல் ஒட்டி நிற்கும். கைத்தாரையால்தான் எடுக்க முடியும். அதற்கு ‘கம்பிநிழல்’. வேலை தொடங்குமுன் நல்ல கற்காரையில் ஒரு சிறு இடத்திலும் கெட்டதில் ஒன்றிலும் பொறியை ஓட்டி, அழுத்தம், நாசில் (தாரை பாயும் முனை) நகரும் வேகம், எத்தனை முறை ஓட்டுவது என்பவற்றை முடிவுசெய்வார்கள். அதற்கு ‘ஒத்திகைக் கட்டம்’. இதைத் தவிர்த்தால் மெலிந்த தளத்தில் தாரை மறுபக்கம் வரை துளைத்துவிடும்.

பெயர்ந்த துகளும் நீரும் கலந்தது ‘பெயர்சேறு’. ஈரம் காயுமுன் அள்ளிக் கழுவ வேண்டும். காய்ந்தால் அதிலுள்ள சிமெண்ட் இறுகி ஒட்டிக்கொண்டு, புதுத் தளத்தின் பிடிப்பைக் கெடுக்கும்.

வழிந்தோடும் நீரை வெறும் ‘கழிநீர்’ என்று எழுத வேண்டாம், ‘காரநீர்’ என்போம். அதன் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 12 வரை ஏறும்; அது கடும் காரம். சேற்றைப் படியவைத்து, காரத்தைத் தணித்த பிறகே வெளியே விட வேண்டும். கீழே ஆறு ஓடுகிற இடத்தில் செய்கிற வேலை இது. எச்சரிக்கை சொல்லிலேயே இருக்கட்டும்.