வாக்ஸ்ஹோல்ம் பள்ளிக்கூடமும் ஐரோப்பியச் சட்டமும்: தொழிலாளிக்கு லாபமா, நஷ்டமா?

வடகடல்:
ஸ்டாக்ஹோமுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. நேற்று மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரு நண்பர், "ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் மட்டும் இல்லையென்றால் இங்கே தொழிலாளிக்கு நாதி ஏது?" என்று அடித்துச் சொன்னார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

ஸ்டாக்ஹோமுக்குப் பக்கத்தில் வாக்ஸ்ஹோல்ம் என்று ஒரு சின்ன ஊர். 2004இல் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தைப் புதுப்பிக்கும் வேலையை லாவால் என்ற லாட்வியக் கம்பெனி எடுத்தது. ஆட்களையும் லாட்வியாவிலிருந்தே கூட்டி வந்தது. சுவீடனில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கிடையாது. சங்கமும் முதலாளியும் உட்கார்ந்து பேசிப் போடும் கூட்டு ஒப்பந்தம்தான் எல்லாம். கட்டடத் தொழிலாளர் சங்கம் மணிக்கு 145 குரோனர் கேட்டது. கம்பெனி கையெழுத்துப் போட மறுத்தது. நவம்பரில் மறியல் தொடங்கியது, பிறகு எலக்ட்ரீஷியன்களும் சேர்ந்துகொண்டார்கள். சுவீடன் சட்டப்படி அதில் ஒரு தப்பும் இல்லை.

கம்பெனி போட்ட வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. 2007 டிசம்பரில் தீர்ப்பு. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமைதான், ஆனால் இந்த மறியல் இன்னொரு நாட்டுக் கம்பெனி இங்கே வந்து தொழில் செய்யும் சுதந்திரத்துக்குத் தடை, அதனால் செல்லாது. 2009இல் சுவீடன் தொழிலாளர் நீதிமன்றம் சங்கங்களுக்கு ஐந்தரை லட்சம் குரோனர் நஷ்டஈடு விதித்தது. வழக்குச் செலவு தனி. சொந்த நாட்டுச் சட்டத்தை மதித்து நடந்தவனுக்குத்தான் அபராதம்! இதைத்தான் சமூக உரிமை என்கிறீர்களா?

பெற்றோல்செட் 97:
அண்ணை, ஒரு பள்ளிக்கூடத்தை வைத்து முழுச் சட்டத்தையும் தூக்கி எறியாதீர்கள். நான் லண்டனில் பெற்றோல் செட்டில் இரவு வேலைக்கு நின்றவன். சம்பளத்தோடு லீவு என்ற கதையே அங்கே இல்லை. காய்ச்சல் வந்து படுத்தால் அந்த நாள் காசு போச்சு. ஊரில் செத்த வீடு என்றாலும் அதே கணக்கு. முதலாளியைக் குறை சொல்லவும் ஏலாது, ஏனென்றால் அப்போது பிரித்தானியச் சட்டத்தில் எல்லாருக்குமான விடுமுறை உரிமை என்று ஒன்று இருக்கவில்லை. 1998 ஒக்டோபரில்தான் வந்தது. கொண்டுவந்தது வேலைநேரம் பற்றிய ஐரோப்பிய நெறிமுறை, அதாவது ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் சேர்த்தே ஆக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் போடும் கட்டளை.

அதையும் லண்டன் சும்மா தந்ததா? அப்போதைய பிரதமர் ஜோன் மேஜரின் அரசாங்கம் அந்த நெறிமுறையை ரத்துச் செய்யச் சொல்லி லக்சம்பர்க்கில் வழக்குப் போட்டது. 1996 நவம்பரில் தோற்றது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வென்றார்கள்: வார ஓய்வில் ஞாயிற்றுக்கிழமையும் சேர வேண்டும் என்ற வரியை நீதிமன்றம் வெட்டிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமையை வென்றுகொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

வடகடல்:
நல்ல கதைதான். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். நெறிமுறை சொன்னது நான்கு வாரம். இன்று பிரிட்டனில் இருப்பது 5.6 வாரம், அதாவது 28 நாள். அந்தக் கூடுதல் நாட்களை 2007லும் 2009லும் கொடுத்தது உங்கள் நாடாளுமன்றம். பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய ஒன்றியம் இல்லை. ஓட்டுப் போட்டு வாங்கியதற்கு நீதிபதிகளுக்கு ஏன் மாலை போடுகிறீர்கள்?

பெற்றோல்செட் 97:
பூச்சியத்தை நாலாக்கினது யார்? நாலை 5.6 ஆக்குவது பெரிய வேலையா?

சட்டக்கிறுக்கன்:
இரண்டு பேரும் விடுமுறையிலேயே நிற்கிறீர்கள். உரிமை மீறினால் பணம் யார் கட்டுவது என்பதுதான் எனக்கு முக்கியம். இதற்கு எனக்குப் பிடித்த வழக்கு ஃபிராங்கோவிச்.

இத்தாலியின் விச்சென்சா ஊரில் ஒரு எலெக்ட்ரானிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். சம்பளம் அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. கேஸ் போட்டு ஜெயித்தார், சுமார் 60 லட்சம் லீரா பாக்கி என்று தீர்ப்பும் வாங்கினார். அமீனா வசூலிக்கப் போனார், ஜப்தி செய்ய ஒன்றும் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பினார். நம் ஊர்க் கோர்ட் வாசலில் பார்க்கும் அதே காட்சி.

கம்பெனி நொடித்துப்போனால் சம்பளப் பாக்கியைக் கொடுக்க ஒவ்வொரு நாடும் ஒரு நிதி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1980லேயே ஐரோப்பிய நெறிமுறை வந்துவிட்டது. இத்தாலி 1983க்குள் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. 1991 நவம்பரில் லக்சம்பர்க் சொன்னது: நாடு தன் கடமையைச் செய்யாததால் குடிமகனுக்கு நஷ்டம் வந்தால் நாடே ஈடு கட்ட வேண்டும். இந்த விதி ஐரோப்பிய நாடுகளின் அடிப்படை ஒப்பந்தத்தில் எங்கேயும் எழுதப்படவில்லை. நீதிமன்றமே உண்டாக்கியது. சாதாரணத் தொழிலாளி ஒருவர் அரசாங்கத்தின் பாக்கெட்டில் கைவைக்க முடியும் என்றானது அன்றுதான்.

பெரிய மீனையும் பாருங்கள். ஆப்பிளின் ஐரிஷ் நிறுவனம் ஒன்று 2014இல் கட்டிய வரி லாபத்தில் 0.005 சதவீதம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் கணக்குப் போட்டது. பத்து லட்சம் லாபத்துக்கு ஐம்பது! பழைய வரிப் பாக்கியாக 1,300 கோடி யூரோவை வசூலிக்கச் சொன்னால், வாங்க வேண்டிய அயர்லாந்து "எங்களுக்கு வேண்டாம்" என்று ஆப்பிளோடு சேர்ந்து கோர்ட்டுக்குப் போனது. 2020இல் கீழ்மன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2024 செப்டம்பரில் மேல்மன்றம் அதைத் திருப்பிப் போட்டது. ஒரு நாடு தானாக இதைச் செய்திருக்குமா?

தச்சன்மகள்:
வடகடல் அண்ணா, பள்ளிக்கூடக் கதையில் ஒரு ஆள் வரவே இல்லை. அந்த லாட்வியத் தொழிலாளி. அப்பா மஸ்கட்டில் பதினாறு வருடம் தச்சு வேலை பார்த்தார். "உள்ளூர்க்காரன் கூலிதான் உனக்கும், இல்லையென்றால் வராதே" என்று யாராவது சொல்லியிருந்தால் அவரை அங்கே எடுத்திருக்கவே மாட்டார்கள், நானும் காலேஜ் போயிருக்க மாட்டேன். வாக்ஸ்ஹோல்மில் மறியல் நடந்தபோது அந்த ஆட்களைப் பார்த்து "ஊருக்குப் போ" என்று கத்தினார்கள் என்று படித்தேன். சங்கம் காப்பாற்றியது யாருடைய உரிமையை?

வடகடல்:
நியாயமான கேள்வி. அந்தக் கோஷத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் சங்கம் கேட்டது அவர்களை விரட்ட இல்லை, அவர்களுக்கும் அதே கூலி கொடு என்றுதான். மஸ்கட்டில் உங்கள் அப்பாவுக்காக அப்படிக் கேட்க ஒரு சங்கம் இருந்திருந்தால் அவர் வேண்டாம் என்றிருப்பாரா?

தச்சன்மகள்:
கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பார். அடுத்த வருடம் வீசா புதுப்பித்திருக்க மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அதே கூலி கொடுக்க வேண்டும் என்றால் லாட்வியாவிலிருந்து ஆள் கொண்டுவருவதில் கம்பெனிக்கு என்ன லாபம்? வேலையே இல்லாமல் போகிறவனுக்கு 145 குரோனர் வெறும் நம்பர்தானே அண்ணா.

கணக்குப்பிள்ளை:
மகள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆனால் சட்டக்கிறுக்கன் சொன்ன "பொறுப்பு" ஒரு திசையில்தான் ஓடுகிறது. கடனில் மூழ்கிய கிரீஸைப் பாருங்கள். கடன் கொடுத்த மூவர் ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, சர்வதேச நாணய நிதியம். 2012 பிப்ரவரியில் அவர்கள் நிபந்தனைப்படி மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 751 யூரோவிலிருந்து 586க்கு இறங்கியது. 25 வயதுக்குக் கீழே என்றால் 511. ஒரே மளிகைக் கடையில் ஒரே தராசு பிடிக்கும் இரண்டு பேர், ஒருவனுக்கு வயது 24 என்பதால் மாதம் 75 யூரோ குறைவு.

அதே வருடம் மே மாதம் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய சமூக உரிமைகள் குழு (இது ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைப்பு அல்ல, ஐரோப்பிய சமூக சாசனத்தை நாடுகள் மதிக்கின்றனவா என்று பார்ப்பது), இளைஞர்களை வறுமைக்கோட்டுக்குக் கீழே தள்ளும் கூலி சமூக சாசனத்துக்கு விரோதம் என்று சொன்னது. என்ன ஆயிற்று? இளைஞர் கூலி ரத்தானது 2019 பிப்ரவரியில். ஏழு வருடம்! அன்று 24 வயதாக இருந்தவனுக்கு 31 ஆகிவிட்டது.

லக்சம்பர்க்குக்குப் பல் இருக்கிறது, ஸ்ட்ராஸ்பூர்க் குழுவுக்கு வாய் மட்டும்தான். சந்தை வழக்கு முதல் ஊருக்குப் போகிறது, கூலி வழக்கு இரண்டாவது ஊருக்கு. என் எரிச்சல் அதுதான்.

சட்டக்கிறுக்கன்:
சரி, அந்த இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன். இன்னொரு குத்தையும் நானே தருகிறேன். லாவால் தீர்ப்புக்காக சுவீடன் தன் வேலைநிறுத்தச் சட்டத்தைச் சுருக்கியது அல்லவா? அந்தச் சுருக்கலே சமூக சாசனத்துக்கு எதிரானது என்று அதே ஸ்ட்ராஸ்பூர்க் குழு 2013இல் சொன்னது. ஓர் ஐரோப்பா செய் என்கிறது, இன்னோர் ஐரோப்பா செய்யாதே என்கிறது. நடுவில் சுவீடன் முழித்தது. 2017இல் சட்டத்தை மறுபடி திருத்தினார்கள்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் தொழிலாளர் பற்றிய நெறிமுறையை 2018இல் மாற்றினார்கள். ஒரே இடத்தில் ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்பது 2020 ஜூலையிலிருந்து நடைமுறை. வாக்ஸ்ஹோல்ம் சங்கம் கேட்டதற்கு வெகு பக்கத்தில் வந்துவிட்டது. மாற்றியது நீதிபதிகள் இல்லை, தேர்ந்தெடுக்கப்பட்ட ஐரோப்பிய நாடாளுமன்றமும் நாடுகளின் அமைச்சர்களும்.

வடகடல்:
பதினாறு வருடம் கழித்து! அபராதம் கட்டிய சங்கம் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டுமா? நாடாளுமன்றம் மாற்றியது என்று நீங்களே சொல்கிறீர்கள், நானும் அதைத்தானே சொன்னேன்.

சரி, ஒன்று கேட்கிறேன். அந்த இத்தாலிக்காரருக்கு அவர் 60 லட்சம் லீரா கிடைத்ததா?

சட்டக்கிறுக்கன்:
இதைக் கேட்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை. 1991க்குப் பிறகு இத்தாலி சட்டம் போட்டது. இத்தாலியில் திவால் நடவடிக்கை எடுக்கக்கூடிய முதலாளிகளிடம் வேலை பார்த்தவர்களுக்குத்தான் அது. அவருடைய கம்பெனி அந்த வகையில் வரவில்லை. மறுபடி லக்சம்பர்க் போனார். 1995இல் அதே நீதிமன்றம், நெறிமுறை உங்களுக்குப் பொருந்தாது என்று கையை விரித்தது. அவர் பெயரில் உள்ள விதியை வைத்து மற்றவர்கள் நஷ்டஈடு வாங்குகிறார்கள்.

பெற்றோல்செட் 97:
அந்த மற்றவர்களில் ஒருத்தன் மாதிரித்தான் நானும், என்ன, நஷ்டஈடு இல்லை, லீவு. 2000இல் ஓர் ஏஜென்சிக்குக் கிளீனிங் வேலை செய்தேன். லண்டன் போட்ட சட்டத்தில் ஒரு பூட்டு இருந்தது: 13 கிழமை, அதாவது 13 வாரம், தொடர்ந்து வேலை செய்தால்தான் லீவு. எங்கட சூப்பர்வைசர் பதினோராவது கிழமையில் கணக்கை முடித்துவிடுவார். இரண்டு கிழமை கழித்துத் திரும்பக் கூப்பிடுவார், புது ஒப்பந்தம், புதுக் கணக்கு. இப்படி மூன்று தரம். 2001 ஜூனில் தொலைக்காட்சி, நாடகத் தொழிலாளர் சங்கம் ஒன்று போட்ட வழக்கில் அந்த 13 கிழமை செல்லாது என்று லக்சம்பர்க் சொன்னது. அந்தச் சங்கத்தில் நான் ஆள் இல்லை. அப்போது அந்தப் பெயரே எனக்குத் தெரியாது.

வடகடல்:
வழக்குப் போட்டது சங்கம்தானே, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 145 குரோனர் பற்றித் தச்சன்மகள் கேட்டதற்கு என்னிடம் இன்னும் ஒழுங்கான பதில் இல்லை. யோசித்து எழுதுகிறேன். நாளைச் சாப்பாட்டு மேசையில் அமீனா கதையைச் சொல்லப்போகிறேன், 1995ஐயும் சேர்த்து.